ஹ்யூமிக் அமிலமும் கிணற்று நீரும்

சென்ற கோடையில் ஒரு சங்கத்திற்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர், கடனாகப் பெற்ற ஹ்யூமிக் அமிலத்திற்குப் பணம் செலுத்த மறுத்து மனுக் கொடுத்திருந்தார். "கலப்படச் சரக்கு, ஐயா. தொட்டியில் ஊற்றியதும் பால் போலத் திரிந்துவிட்டது, சொட்டுநீர்க் குழாய் முழுவதும் அடைப்பு" என்பது அவர் முறையீடு. அதே சரக்கை வாங்கிய மற்றவர்கள் குறை கூறவில்லை என்றார் செயலாளர். விந்தை என்னவெனில், இருவர் கூற்றும் உண்மையே.

மக்கிய இலைதழைகளால் மண்ணுக்கு ஏற்படும் கருமையில் ஹ்யூமிக் அமிலம் ஒரு பகுதி. 1786-ஆம் ஆண்டில் ஆக்கார்டு என்னும் ஜெர்மானிய அறிஞர் சதுப்பு நிலக் கரியைக் காரத்தில் கரைத்து, பின்னர் அமிலம் விட்டு இதனைப் பிரித்தெடுத்தார். இன்று கேன்களில் விற்கப்படுவது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியைப் பொட்டாஷ் காரத்தில் கரைத்து எடுத்ததே. காரத்தில் கரையும், கடும் அமிலத்தில் வீழும் என்பதே இதன் இலக்கணம். இரண்டிலும் கரைந்து நிற்பது இதன் உறவான ஃபுல்விக் அமிலம்.

இவ்வாறு நிகழ்வது ஏன்? இம்மூலக்கூறுகளில் அமிலத் தன்மையுள்ள முனைகள் பல உள்ளன. காரநீரில் அம்முனைகள் தம் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. ஒரே மின்னூட்டமுள்ளவை ஒன்றையொன்று விலக்கும். எனவே மூலக்கூறுகள் விரிந்து, தனித்தனியாக நீரில் மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். விலக்கு விசை குன்றும். மூலக்கூறுகள் சுருண்டு திரளும். பி.எச். அளவு 2-க்குக் கீழே சென்றால் ஏறக்குறைய முழுவதும் அடியில் படியும். (இது ஒரே பெரிய மூலக்கூறா, சிறு மூலக்கூறுகளின் கூட்டமா என்பதில் அறிஞரிடையே நெடுநாள் வழக்குண்டு. கூட்டம் என்போர் பக்கமே கூட்டுறவுத் துறையினராகிய நாம் சாய்வதில் வியப்பில்லை.)

அமிலம் இன்றியும் இது திரளக்கூடும். கடின நீரிலுள்ள கால்சியம் இரட்டை மின்னூட்டம் உடையது. ஒரு கையால் ஒரு மூலக்கூற்றையும் மறு கையால் இன்னொன்றையும் பற்றிப் பிணைத்துவிடும். நெசவாளர் அங்கத்தினருக்கு இது புதிதன்று. உப்புக் கிணற்று நீரில் நூலை அலசும்போது சோப்பு நுரைக்காமல் வெண்கசடாகத் திரண்டு ஒட்டுவதும் இதே கால்சியத்தின் வேலைதான். இரும்பும் அலுமினியமும் இன்னும் இறுக்கமாகப் பிணைக்கும்.

அன்று மூன்று கண்ணாடிக் குவளைகளை வைத்தோம். மழைநீரில் ஒரு கரண்டி மருந்து விட்டது மறுநாள் காலையிலும் தேயிலை வடிநீர் போலத் தெளிவாக நின்றது. அவருடைய ஆழ்குழாய் நீரில் விட்டதன் அடியில் காலையில் கரிய வண்டல். அதே நீரில் சிறிது கால்சியம் நைட்ரேட்டும் சேர்த்ததோ நம் கண்ணெதிரிலேயே திரிந்தது. அந்த உர மூட்டை அவர் தொட்டியருகிலேயே இருந்தது. இரண்டையும் அவர் ஒன்றாகவே கரைத்திருந்தார். குடிநீருக்கே கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம், வேறு நீர் கிட்டாவிடில் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. இவருடைய நீர் 600-ஐயும் கடந்திருந்தது.

ஆகவே கேனை வாங்குமுன், அன்றேல் தொட்டியில் ஊற்றுமுன், உங்கள் நீரில் ஒரு குவளை கலந்து ஓரிரவு வைத்துப் பாருங்கள். கால்சியம் நைட்ரேட், துத்தநாக சல்பேட், இரும்பு சல்பேட், பாஸ்பாரிக் அமிலம் ஆகியவற்றுடன் இதனைக் கலக்கவேண்டா. அவற்றுக்கு வேறு நாள் ஒதுக்குங்கள். இடையில் வெறும் நீர் விட்டுக் குழாயைக் கழுவுதல் அவசியம். நீர் மிகக் கடினமாயின் குழாயில் விடும் எண்ணத்தையே கைவிட்டு, தொழுவுரத்துடன் கலந்து மண்ணில் இடலாம்.

மண்ணில் இட்டால் கால்சியம் கெடுக்காதோ என்று கேட்பீர்கள். குழாயில் கேடு செய்த அதே பிணைப்பு மண்ணில் நன்மை செய்கிறது. மக்கையும் களிமண்ணையும் கால்சியம் சேர்த்துப் பிடிப்பதால்தான் மண் பொலபொலவென்று குருணையாக நிற்கிறது. சோடியம் மிகுந்த களர் நிலத்திலோ நிலைமை நேர்மாறு. அங்கே காரம் மிகுதியால் மக்கு கரைந்து, நீர் வற்றும்போது மேற்பரப்பில் கருங்கறையாகப் படிகிறது. மண் இறுகி நீர் இறங்காமற் போகிறது. அத்தகைய நிலத்தில் கறுப்பைக் கண்டு வளம் என்று மயங்கி ஹ்யூமிக் அமிலத்திற்குச் செலவிடுவதைக் காட்டிலும், முதலில் ஜிப்சம் இட்டு நல்ல நீர் பாய்ச்சி வடிப்பதே தக்கது. ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை வெளியேற்றி மக்கை மீண்டும் மண்ணோடு பிணைக்கும்.

மனுவைப் பொறுத்தவரை, சரக்கில் குற்றமில்லை என்று எழுதினோம். ஆயினும் எவற்றுடன் கலக்கலாகாது என்பதை விற்பனையின்போது சொல்லாதது சங்கத்தின் தவறு என்பதையும் அதே அறிக்கையில் குறித்தோம். அவர் பணத்தை இரு தவணையில் செலுத்தினார். அடைபட்ட வடிகட்டிக்கான செலவைப் பகிர்ந்துகொள்ள நிர்வாகக் குழு இசைந்தது. இப்பொழுது அச்சங்கத்தின் விற்பனை மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குவளைகள் இருக்கின்றன. வருவோர் தம் கிணற்று நீரைப் புட்டியில் கொண்டுவருகின்றனர்.