போகூழும் துரதிர்ஷ்டமும்

எடுத்த கருமங் கைகூடாவிடத்துத் ‘துரதிர்ஷ்டம்’ என்று சொல்லி யொழிதல் இக்காலத்துப் பெருவழக்கு. செய்தித்தாள்களிலும் ‘துரதிர்ஷ்டவசமாக’ என்பது மலிந்து கிடக்கின்றது. அச்சொல்லை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருட்டம் காணப்பட்டது, அதிருட்டம் காணப்படாதது. வைசேடிகர், அறம் மறம் என்னும் இரண்டனையும் ஆன்மாவின் குணமாக வைத்து இப்பெயரால் வழங்கினர். அவை ஆன்மகுணமென்பது சித்தாந்திகட்கு உடன்பாடன்று. கன்மம் மும்மலத்துள் ஒன்றாதலின். அது நிற்க. நன்று தீது இரண்டற்கும் பொதுவாய் நின்ற இப்பெயர், தமிழர் பேச்சில் நன்மைக்கே உரியதாய்ச் சுருங்கிற்று. தீமைக்குத் ‘துர்’ என்னும் அடை வேண்டப்பட்டது. காணப்படாத காரணம் என்பது போய்க் காரணமே இல்லாத வாய்ப்பு என்னும் பொருளும் வந்து புகுந்தது. சைவர் அஞ்சத்தக்கது இதுவேயாம்.

வள்ளுவனார் ஊழதிகாரத்து முதலிரு குறள்களிற் போகூழ், இழவூழ் என்னுஞ் சொற்களை ஆண்டனர். போகூழ் வினைத்தொகை, கைப்பொருள் போதற்குக் காரணமாகிய ஊழ் என விரியும். அதன் மறுதலை ஆகூழ். ஊழ் ஒன்றே, ஆதலும் போதலும் அடை மாத்திரையே. ஊழ் என்பதற்கு முறை என்னும் பொருளும் உண்மையின், தற்செயலென்னுங் கருத்திற்கு அச்சொல்லில் இடமில்லை. ‘இழவு’ இன்று சாவிற்கும் வசைக்கும் உரியதாயிற்று. சிவஞானசித்தியார் இரண்டாஞ் சூத்திரத்துப் பேற்றொடு நிற்கும் இழவோ இழத்தல் என்னும் பொருட்டே.

எங்கள் சுந்தரபாண்டியத்தும் பிற ஊர்களிலும் எழுத்தறியாதாரும் ‘போதாத காலம்’ என்பர். துரதிர்ஷ்டத்தினும் இது நன்று. காலம் என்றமையான் அது கழியும் என்பதும் பெறப்படும்; பிராரத்தமும் நுகரக் கழிவதன்றோ? வினை சடம், தானே சென்று பற்றாது, இறைவன் கூட்டக் கூடும்.

இனி, அயலான் குடி கெடுங்கால் ‘அவன் ஊழ்’ என்று கூறிக் கைம்முடக்குவாரும் உளர். சித்தாந்தங் கற்றாரே இதனைச் செய்தல் மிகக் கொடிது. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபொழுது, பனிக்காலத்து அஃது அந்நிலத்தின் இயல்பென்றனர் சிலர். திருஞானசம்பந்தப் பிள்ளையார் அதற்கு அமைந்தாரல்லர். வினையின் பயனென்று பேசி உய்யுநெறி தேடாதிருத்தல் குறையென இடித்துரைத்து, செய்வினை எம்மைத் தீண்டாதெனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டருளினார். அடியாரை மட்டுமன்றி அந்நாட்டையும் விட்டுச் சுரம் அகன்றதெனச் சேக்கிழார் கூறுவர்.