தீயொடு பொருதோர்

மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைக் குப்பங்களில் முன்னாளில் கீற்று வேய்ந்த குடில்களே மிகுதி. கோடையில் உலர்ந்த கூரைமேல் அடுப்புப் பொறி ஒன்று விழுமாயின், கடற்காற்று அதனை வளர்த்துக் கூரைவிட்டுக் கூரை தாவச் செய்யும். அவ்வேளையில் பிறர் விலகி ஓட, தீயை நோக்கி ஓடுவோர் சிலர் உளர். அத்தகையோரை நினைவுகூர்வதே இப்பாடம்.

மாணவர்களே! 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றில் தீப்பற்றியது. பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்தும் அதில் இருந்தது. தீயணைக்கச் சென்ற வீரர் பின்வாங்கினாரல்லர். பிற்பகலில் கப்பல் வெடித்தது. 66 வீரர் உயிர் துறந்தனர். அவர்க்கும் இல்லமும் சுற்றமும் இருந்தன. பிறர் இல்லம் காக்கவே அவர் தம் இல்லம் திரும்பாராயினர்.

அந்நாளே இன்று தீயணைப்போர் நாளாகப் போற்றப்படுகின்றது. அதனைத் தொடங்கி ஒரு வாரம் தீயணைப்புத் துறையினர் ஆசிரியராகவும் விளங்குவர். ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது. ஓடினால் காற்றுப்பட்டுத் தீ வளரும். தரையிற் படுத்துப் புரளல் வேண்டும். எரியும் எண்ணெயில் நீர் ஊற்றலாகாது. மூடியிட்டு அணைத்தல் வேண்டும். உதவிக்கு 101 என்னும் எண்ணை அழைக்கலாம். இவை அவர் கற்பிப்பன.

இவற்றை இன்றே உம் வீட்டார்க்கு உரைமின். ஒரு வீடேனும் தீக்கு இரையாகாது காப்பதே அவ்வீரர்க்கு நாம் நடும் நடுகல்லாகும்.