பழைய போட்டோவை நகர வைப்போம்: கீஃப்ரேம் பாடம்

கல்யாணம், சடங்கு, திருவிழா என்று எல்லாவற்றையும் இப்போது கைத்தொலைபேசியிலேயே வீடியோ எடுத்துவிடுகிறோம். எடுத்ததை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுக்கவும் நம் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். ஆனால் ஒரு பழைய போட்டோவை வீடியோவுக்குள் வைத்துப் பாருங்கள். ஆணி அடித்த மாதிரி அப்படியே நிற்கும். ஐந்து விநாடியில் சலிப்புத் தட்டிவிடும். அதை மெல்ல நகர வைக்கிற வழிக்குத்தான் கீஃப்ரேம் என்று பெயர். இந்த இதழில் அதைப் படிப்போம்.

வீடியோ என்பது வரிசையாக வரும் தனித்தனிப் படங்கள். நமது நாட்டுத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 படம். கைத்தொலைபேசியில் பெரும்பாலும் 30. ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். ஒரு போட்டோவை 4 விநாடிக்குள் பெரிதாக்கிக் காட்ட வேண்டுமென்றால், விநாடிக்கு 25 வீதம் 100 ஃபிரேம்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். அத்தனை பொறுமை யாருக்கு இருக்கிறது?

புதுக்கன்று நடுகிற மலையில் வரிசை பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடியில் ஒரு முளை, அந்தக் கோடியில் ஒரு முளை அடித்து நடுவே கயிறு இழுத்துக் கட்டுகிறோம். இடையில் வரிசை எப்படிப் போக வேண்டும் என்பதைக் கயிறு காட்டிவிடும். கீஃப்ரேம் என்பது அந்த முளைதான். தொடக்கத்தில் படம் 100 வீதம், முடிவில் 160 வீதம் என்று இரண்டு முளையை நாம் அடித்தால் போதும். கயிறு கட்டுவது செயலியின் வேலை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 0.6 வீதம் கூட்டிக்கொண்டே போகும். கையால் கார்ட்டூன் வரைந்த காலத்தில் தலைமை ஓவியர் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார், இடையில் உள்ளதை உதவி ஓவியர்கள் வரைவார்கள். பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

இதில் நாங்களே ஒரு முறை நன்றாகச் சறுக்கி விழுந்தோம். ஒரு டிவிஷனில் வயதான அம்மா ஒருவர் காலமானார். கருமாதிக்குப் போட்டுக் காட்ட ஒரு சிறிய வீடியோ செய்து தரும்படி அவருடைய மகள் கேட்டார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பழைய குடும்பப் போட்டோ. அந்த அம்மாவின் அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போகுமுன் எல்லோருமாக நின்று எடுத்தது. 1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுப்பது என்று எழுதினார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் அக்கா அங்கே, தங்கை இங்கே. அதற்குப் பிறகு இருவரும் ஒன்றாக நின்ற படம் கிடையாது.

முழுப் படத்தையும் காட்டி, பிறகு மெல்ல அந்த அம்மாவின் முகத்துக்குப் போவதாக ஏற்பாடு செய்தோம். இஸ்தோப்பில் பெட்ஷீட் கட்டி, எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும்போது முகம் பெரிதாகி வந்தது, திடீரென்று பின்னால் போனது, மறுபடி முன்னால் வந்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மகள் எழுந்து வந்து, “ஏன் சேர், அம்மா இப்படி ஆடுறாங்க?” என்று கேட்டார். எங்களுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிழை என்னவென்று அன்றிரவு தேடிப் பார்த்தோம். முதல் கீஃப்ரேம் வைத்த பிறகு, படத்தின் எந்த இடத்தில் நின்று அளவை மாற்றினாலும் செயலி தானாகவே அங்கே ஒரு புதிய கீஃப்ரேம் வைத்துவிடும். நடுவில் நின்று “கொஞ்சம் சின்னதாக இருந்தால் என்ன” என்று விரலால் சுருக்கிப் பார்த்திருக்கிறோம். அது மூன்றாவது முளையாக நின்றுவிட்டது. கயிறு அங்கே வளைந்துதானே போகும்?

இப்போது சரியான முறையைச் சொல்கிறோம். கேப்கட் போன்ற செயலிகளில் கீஃப்ரேமுக்குச் சாய்சதுர அடையாளம் இருக்கும். கணினி உள்ளவர்கள் டாவின்சி ரிசால்வ் என்பதை இலவசமாகவே பெறலாம், அதிலும் அதே அடையாளம்தான். போட்டோவை வைத்து அதன் நீளத்தை 6 விநாடி ஆக்குங்கள். நகரும் கோட்டை 1ஆவது விநாடியில் நிறுத்தி, படம் முழுதாக இருக்கும்போதே அடையாளத்தைத் தொடுங்கள். பிறகு 5ஆவது விநாடிக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கி, வேண்டிய முகத்தை நடுவுக்கு இழுத்து விடுங்கள். இரண்டாவது அடையாளம் தானாக வரும். முதல் விநாடியும் கடைசி விநாடியும் அசையாமல் நிற்கும். அந்த நிற்பு அவசியம், பார்ப்பவர் ஆளை அடையாளம் கண்டுகொள்ள நேரம் வேண்டும். முடிந்ததும் சாய்சதுரங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் வேண்டாததை அழித்துவிடுங்கள்.

நகர்வு சடாரென்று தொடங்கி சடாரென்று நின்றால் கண்ணுக்கு உறுத்தும். நானுஓயா ஸ்டேஷனில் ரயில் எடுபடும்போது எப்படி மெதுவாக எடுபட்டு, நிற்கும்போது எப்படி மெதுவாக நிற்கிறது? அதேபோல் செய்ய ‘ஈஸ்’ என்று ஒரு வசதி உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படத்தின் தெளிவையும் கவனிக்க வேண்டும். சாதாரண முழு எச்.டி. வீடியோவின் அகலம் 1920 புள்ளி. 160 வீதம் பெரிதாக்கினால் போட்டோவில் குறைந்தது 3072 புள்ளி அகலம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும், பெரிதாக்கினால் முகம் கலங்கிப்போகும். டாக்யுமெண்ட் என்று அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, வீட்டுக்கே போய் பகல் வெளிச்சத்தில் நேராகப் படம் பிடித்துக்கொள்வது. நம்முடைய ஈரலிப்பில் பழைய போட்டோக்கள் பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போகின்றன, இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. கனடாவில் 1957இல் ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ என்ற படத்தில் தங்கம் தேடிப் போன ஜனங்களின் பழைய போட்டோக்கள் மேல் கெமராவை நகர்த்தியே கதை சொன்னார்கள். அமெரிக்காவின் கென் பர்ன்ஸ் 1990இல் தன் நாட்டு உள்நாட்டுப் போரைப் பற்றிய தொடரிலும் இதே முறையை நிறையக் கையாண்டார். பல செயலிகளில் இந்த நகர்வுக்கு அவர் பெயரே இருக்கிறது.

படத்துக்கு மட்டுமல்ல, சத்தத்துக்கும் கீஃப்ரேம் வைக்கலாம். எங்கள் அபிப்பிராயத்தில் இதுதான் அதிகம் உதவுவது. அப்பாயி பேசும்போது பின்னால் தப்புச் சத்தம் அமுக்கினால் ஒரு சொல்லும் விளங்காது. பேச்சுக்குச் சற்று முன் 100இல் ஒன்று, பேச்சுத் தொடங்கும் இடத்தில் 20இல் ஒன்று, முடியும் இடத்தில் 20இல் ஒன்று, சற்றுப் பின் 100இல் ஒன்று. நான்கு முளை. கல்யாண வீடியோவில் பூ பறப்பது, படம் சுழல்வது எல்லாம் செய்யத் தெரிந்த பிள்ளைகள் இந்த நான்கை விட்டுவிடுகிறார்கள்.

அந்த வீடியோவை நாங்கள் திரும்பச் செய்து கொடுத்தோம். இந்த முறை முகத்தோடு நிறுத்தவில்லை. தங்கையின் முகத்திலிருந்து பக்கத்தில் நிற்கும் அக்காவின் முகத்துக்குப் போக இன்னுமொரு கீஃப்ரேம் வைத்தோம். மகள் அதைக் கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.