ஈயச் சிப்பாய்க்குப் புதுச் சட்டை

கேள்வி: பழைய பொருள் கடையில் ஒரு பெட்டி நிறைய ஈயச் சிப்பாய் பொம்மைகள் கிடைத்தன. பிரஷ்யப் படையாம். பெயின்ட் பாதி உதிர்ந்துவிட்டது. நானே பூசலாமா?

பதில்: முதலில் ஒரு கேள்வி: மிஞ்சியிருப்பது தயாரித்தவர்கள் பூசிய பழைய பெயின்டா? அப்படியானால் தொடாதீர்கள், சேகரிப்பாளர்களுக்கு அந்த உதிர்ந்த பெயின்ட்தான் மதிப்பு. யாரோ பின்னால் அப்பியது என்றால் தாராளமாக இறங்கலாம்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஈயத்தூள் நஞ்சு. வெண்ணிறப் பொடி பூத்திருந்தால் ஈயம் அரிக்கப்படுகிறது என்று பொருள். ஓக் மரப்பெட்டியிலிருந்து கசியும் அமில ஆவிகூட அதற்குக் காரணமாகலாம், பெட்டியை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, பிரைமரை மெல்லிசாக அடியுங்கள். பழைய வார்ப்புகளில் மடிப்புகள் ஆழமில்லை. தடித்த பூச்சு மூக்கையே விழுங்கிவிடும்!

இனி நிறங்கள்: பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் காலாட்படைக்குக் கருநீலக் கோட்டு, வெள்ளை வார். எதிரே நின்ற ஆஸ்திரியருக்கு வெள்ளைக் கோட்டு. கழுத்துப்பட்டை, கைமடிப்பு நிறங்கள் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் மாறும்; அதைப் படம் பார்த்து உறுதிசெய்யுங்கள். உயரமான பித்தளை முகப்புத் தொப்பி இருந்தால் அவர் கிரெனேடியர். முக்கோணத் தொப்பியென்றால் பெரும்பாலும் மஸ்கட்டியர். நீலத்தை ஒரு பிடி வெளிறியதாகவே எடுங்கள். சின்ன உருவத்தில் அசல் கருநீலம் கறுப்பாகத்தான் தெரியும்.

கடைசியில் பளபள வார்னிஷா, மங்கலா? என் ஓட்டு பளபளப்புக்கே. பழைய பொம்மைக்கு அதுதான் பொருத்தம்.