எந்த ரெய்டரை இறக்குவது, எவரை அமர்த்துவது?

பெங்களூருக்குத் தெற்கே ஓசூர் சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில், தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து ஷிப்டு முறையில் உழைக்கிற தமிழ் இளைஞர்களும், ஆனேக்கல் வட்டாரத்துக் கன்னட இளைஞர்களும் ஒரே தொழிற்கூடத்தில் அருகருகே நிற்பதால், புரோ கபடி லீக் நடைபெறும் மாதங்களில் பெங்களூரு புல்ஸுக்கும் தமிழ் தலைவாஸுக்கும் அங்கே ஒருங்கே அபிமானிகள் இருப்பது இயல்பேயாகும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டமியற்றித் தடுத்துவிட்டது. பல குடும்பங்களின் சம்பளத்தைக் காத்த அச்சட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் நண்பர்கள் சிலர் கூடி, பருவத் தொடக்கத்தில் ஆட்டக்காரர்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, காசு பணம் வையாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் புள்ளிக் கணக்கு எழுதி ஆடுகிற கற்பனைக் கபடிக்கு அச்சட்டத்தால் யாதொரு தடையுமில்லை. கையில் நான்கு ரெய்டர்கள் இருக்க, இன்று இருவரை மட்டுமே இறக்கலாம் என்ற நிலையில் எவரை இறக்குவது, எவரைப் பெஞ்சில் அமர்த்துவது என்று தயங்கும் அன்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஆட்டம் 40 நிமிடம். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. முழு நேரமும் எடுத்துக்கொண்டால் மொத்தம் 80 ரெய்டுகள், ஓர் அணிக்கு ஏறக்குறைய 40. இந்த நாற்பதில் உங்கள் ஆள் எத்தனை முறை கோட்டைக் கடக்கப் போகிறார் என்பதே முதற் கேள்வி. அவருடைய வேகம், கால் நீட்டும் சாமர்த்தியம், பிரசித்தி எல்லாம் இதற்கு அடுத்தபடியாகவே எண்ணத்தக்கவை. பவன் ஷெராவத் 2017-இல் குஜராத் அணியில் இருந்தபோது அதிகம் பாடிச் செல்லும் வாய்ப்பின்றி ஒதுங்கியிருந்தார். அடுத்த பருவத்தில் பெங்களூரு புல்ஸுக்குத் திரும்பி, பிரதான ரெய்டர் என்ற ஸ்தானம் கிடைத்ததும், 271 ரெய்டுப் புள்ளிகளைக் குவித்து, 2019 ஜனவரி 5-ஆம் நாள் மும்பையில் நடந்த இறுதியாட்டத்தில் அதே குஜராத்துக்கு எதிராகத் தனியொருவராய் 22 புள்ளிகள் எடுத்து, 38-33 என்று புல்ஸுக்குக் கிண்ணத்தை வென்று தந்தார். ஓராண்டில் அவருடைய உடலில் புதிய சக்தி எதுவும் வந்து குடியேறிவிடவில்லை. முறை வந்தது, அவ்வளவே.

ஆகையால் ஏலத்தில் போன விலையைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. 2022-ஆம் ஆண்டுப் பருவத்துக்கு முன் விகாஷ் கண்டோலாவை 1.70 கோடி ரூபாய்க்குப் புல்ஸ் வாங்கியது; ஆனால் அப்பருவம் முழுவதும் அணியின் சுமையைத் தூக்கி, 270-க்கு மேற்பட்ட ரெய்டுப் புள்ளிகளை எடுத்தவர் இளைஞரான பரத் ஹூடா. இவ்விருவரும் ஒருவரிடமே இருந்திருந்தால், முதல் சில ஆட்டங்களில் யார் எத்தனை முறை பாடிச் செல்கிறார்கள் என்று எண்ணி, விலையுயர்ந்தவரை அமர்த்திவிட்டு மற்றவரை இறக்கும் துணிவு அவருக்கு வேண்டியிருந்திருக்கும்.

இனி, பலர் கவனியாத ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ரெய்டர் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். தம் அணியினர் எதிராளி ஒருவரை அவுட்டாக்கினால்தான் அவர் திரும்பி வரமுடியும். அவர் வெளியே கழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் வெற்றிடமாகும். எனவே ஒரு ரெய்டரின் பயன் அவருடைய கால்களைப் போலவே, அவருக்குப் பின்னால் நிற்கும் கார்னர், கவர் ஆட்டக்காரர்களின் கைகளிலும் இருக்கிறது. பிடிப்பதில் வல்ல அணியில் இருப்பவர் பிடிபட்டாலும், எதிரணியின் அடுத்த ரெய்டிலேயே அவருடைய தோழர்கள் ஒருவரை மடக்கி அவரை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். தற்காப்பில் தளர்ந்த அணியின் நட்சத்திரமோ ஐந்து நிமிடம் துண்டைப் போர்த்துக்கொண்டு காத்திருப்பார். திறமையில் சமமான இருவருள் எவர் என்று ஐயம் எழுந்தால், யாருடைய அணி நன்றாகப் பிடிக்கிறதோ அவரை இறக்குங்கள். இதையே முதன்மையான நிர்ணயமாக நான் கருதுகிறேன்.

எதிரணி யாரென்பதும் முக்கியந்தான். ஆனால் அதற்கு அளவுக்கு மீறிய மதிப்பளிப்போர் பலர். 2024-இல் பாட்னா பைரேட்ஸின் தேவாங்க் தலால் 301 ரெய்டுப் புள்ளிகளோடு பருவத்தின் முதலிடத்தைப் பெற்றார். அத்தகையவர் இருந்தும், ஈரானியரான முகமதுரேசா ஷாத்லூயி நின்ற ஹரியானா ஸ்டீலர்ஸின் தற்காப்பு, டிசம்பர் 29-இல் புணேயில் நடந்த இறுதியாட்டத்தில் பாட்னாவை 23 புள்ளிகளுக்குள் அடக்கிவிட்டது. அந்த ஓராட்டத்தைக் காட்டி, வலிய தற்காப்புக்கு எதிரே தேவாங்கைப் போன்றவரை அமர்த்தலாமே என்று வாதிடுவோர், அவர் அப்பருவம் முழுவதும் எத்தனை வலிய தற்காப்புகளைக் கலைத்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். முதல் ரெய்டரை எதிரணியைக் கண்டு அமர்த்தாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது ரெய்டர்களுக்கிடையே தேர்ந்தெடுக்கும்போது மட்டும் எதிரணியைப் பாருங்கள். அப்போதும், அவர் விரும்பிப் பாய்கிற பக்கத்தில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர் யார் என்று பார்ப்பது, அணியின் பெயரைப் பார்ப்பதைவிடப் பிரயோஜனமானது.

போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்புகிறவரா, ஆளைத் தொட்டு வருகிறவரா என்ற கேள்விக்கு எதிரணியின் சுபாவமே விடை சொல்லும். எதிரே ஆறு பேரேனும் நின்றால்தான் போனஸ் உண்டு. ஆகவே, எளிதில் ஆள் இழக்காமல் ஆறேழு பேராகவே நிற்கும் கட்டுக்கோப்பான அணிக்கு எதிரே போனஸ்காரர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார். அடிக்கடி மூன்று நான்கு பேராகக் குறைந்துவிடும் அணிக்கு எதிரே அவருக்கு வேலை குறைவு, தொடுகையில் வல்லவரே அங்கே உகந்தவர். டூ ஆர் டை ரெய்டுக்கென்றே அனுப்பப்படுகிறவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: முறை குறைவு, அபாயம் மிகுதி, வேறு கதியில்லாத நாளன்றி அவரை இறக்காதீர்கள்.

ரெய்டுகளைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் அணிகள் தனி வகை. 2024 மார்ச்சில் கிண்ணம் வென்ற புணேரி பல்டன், அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மோஹிதே என்று மாறி மாறிப் பாடவிட்ட அணி. பார்ப்பதற்கு அத்தகைய ஆட்டம் கபடியின் அழகையெல்லாம் ஒருங்கே காட்டுவது; ஆனால் கற்பனைக் கபடிக்காரருக்கு அதனால் அனுகூலமில்லை, ஏனெனில் எந்நாளில் எவர் முறை பெறுவார் என்பதை அனுமானிக்க வழியில்லை. தோற்கும் அணியின் ஒற்றை ரெய்டரே இதைவிடச் சிறந்த தேர்வு. 2019-ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதியாட்டத்தில் தபாங் டெல்லி தோற்றது. தோற்ற அணியின் நவீன் குமார் 18 புள்ளிகள் எடுத்திருந்தார்.

பெஞ்சில் யாரை வைத்திருப்பது என்பதற்கு வருவோம். 2022 அக்டோபரில், 2.26 கோடி ரூபாய்க்குத் தமிழ் தலைவாஸ் வாங்கிய பவன், பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில் குஜராத்துடன் ஆடிய முதல் ஆட்டத்திலேயே, எதிராளியைப் பிடிக்கப் போன இடத்தில் முழங்கால் அடிபட்டு வெளியேறினார். அத்தோடு அவருக்கு அந்தப் பருவமே முடிந்தது. அவருடைய முறைகளெல்லாம் புதுமுகமான நரேந்தருக்குச் சென்றன. அவர் 243 ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார், தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதி கண்டது. மறு ஆண்டு நவீன் காயமுற்றபோது டெல்லியில் அஷு மாலிக்கும் இவ்வண்ணமே எழுந்து, 276 ரெய்டுப் புள்ளிகளோடு பருவத்தின் முதலிடத்தையே அடைந்தார். ஆதலால் நான்கு இடங்களில் ஒன்றை, உங்கள் முதல் ரெய்டர் விழுந்தால் எழக்கூடிய அதே அணியின் இளைஞருக்கு ஒதுக்கிவையுங்கள். வேறோர் அணியின் மூன்றாவது ரெய்டரை அவ்விடத்தில் வைத்திருப்பது வீண்.

காயத்திலிருந்து திரும்புகிறவரை முதல் ஆட்டத்தில் இறக்க வேண்டாம். பயிற்சியாளர் அவரை இடைவேளைக்குப் பின் மாற்றாளாகச் சில நிமிடம் அனுப்பிப் பரீட்சிப்பதே வழக்கம். தொடக்க எழுவரில் அவர் பெயர் வந்து, ஓராட்டம் முழுதும் அவர் பாடியதைக் கண்ட பிறகு இறக்கினால் போதும். எழுவர் பட்டியல் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பே தெரியவருவதால், இரவில் இரண்டு ஆட்டங்கள் இருக்கும் நாளில், ஐயத்துக்குரியவர் முதல் ஆட்டத்தில் இருந்தால் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அவர் இல்லையென்றால் இரண்டாம் ஆட்டத்தில் உள்ள மற்றொருவரை இறக்க அவகாசம் இருக்கும். இரண்டாம் ஷிப்டில் இருப்பவர்கள் மட்டும், பட்டியல் வரும் நேரத்தில் இயந்திரத்தின் முன் நிற்பார்களாகையால், வேலைக்குள் நுழையுமுன்பே மாற்றாளின் பெயரையும் சேர்த்து எழுதி நண்பரிடம் கொடுத்துவிட வேண்டும்.