நம்பிக்கைகளும் உண்மைகளும்: ‘பிரெஞ்சுக்காரன் காலத்துக் கத்தி’

காரைக்கால்மேட்டில் பழைய மடக்குக் கத்தி ஒன்றை விலை கேட்டால், முதலில் கதைதான் வரும். ‘பிரெஞ்சுக்காரன் காலத்துது. தாத்தா பட்டாளத்துலேர்ந்து கொண்டாந்தது.’ இந்த வட்டாரத்தில் அது நடக்காத காரியமில்லை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் வரை போன காரைக்கால்காரர்கள் உண்டு. பிரான்ஸ் பென்ஷன் வந்த வீடுகளும் உண்டு. ஆனால் கதையை விட்டுவிட்டுக் கத்தியைத் திருப்பிப் பார்த்தால், பல நேரம் ஆண்டுக் கணக்கு இடிக்கிறது.

‘பிரான்ஸ் கத்தி’ என்று காட்டப்படுவதில் ஒப்பினெலை எளிதில் அடையாளம் காணலாம். உருண்டையான பீச் மரப் பிடி, அலகில் கிரீடம் வைத்த கை முத்திரை, பிடியின் தலையில் திருகுகிற உலோக வளையம். சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890ல் செய்யத் தொடங்கியது. கை முத்திரை 1909ல் வந்தது. அலகு மடங்காமல் பிடிக்கிற வளையமோ 1955ல்தான் வந்தது. காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்குக் கைமாறியது 1954 நவம்பர் 1. ஆக, வளையம் உள்ள எந்த ஒப்பினெலும் பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்காலைப் பார்த்திருக்க முடியாது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். சரி, கத்திக்கு ஏழு வருடம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். மூடிய நிலையிலும் வளையம் பூட்டிக்கொண்டால் அந்தக் கத்தி 2000ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்தது.

உடனே சிலர் அடுத்த முனைக்குப் போய்விடுவார்கள்: வளையம் இல்லையென்றால் 1955க்கு முந்தையது! அதுவும் இல்லை. 2 முதல் 5 வரையான சின்ன அளவு எண்களை இன்றைக்கும் வளையம் இல்லாமல்தான் செய்கிறார்கள். 6 அல்லது அதற்கு மேல் எண் போட்ட கத்தியில், வளையம் கழன்று விழுந்த தடமும் இல்லாமல் இருந்தால்தான் பழசு என்ற பேச்சையே தொடங்கலாம்.

தாத்தா கதை பொய் என்று இதற்குப் பொருளில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்கள் 1962க்குப் பிறகும் லீவில் வந்து போனபடிதான் இருந்தார்கள். எழுபதுகளில் ஒரு பெட்டியில் வந்த கத்தியும் பேரனுக்குப் பழசுதான். காலனி காலத்து விலை சொன்னால் மட்டும் கொடுக்காதீர்கள்.

‘டக்குன்னு சத்தம் வந்தா லாக் விழுந்திடுச்சு’

கத்தியை ஒப்பிட்டு வாங்குகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்தச் சத்தம்தான். சாதாரணப் பேனாக்கத்தியும் ‘டக்’ என்னும். அதன் முதுகில் நீளமாக ஒரு வில் பட்டை இருக்கிறது. அது அலகின் அடியை அழுத்திப் பிடிக்கிறது, பூட்டுவதில்லை. போதுமான பலத்தோடு தள்ளினால் மடங்கிவிடும். லாக்பேக் என்கிற வகையில், முதுகில் நடு ஆணியில் ஆடுகிற நெம்புப் பட்டை ஒன்று இருக்கும். அதன் முன்முனையில் உள்ள கொக்கி, அலகின் அடியில் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். பட்டையின் பின்முனையை விரலால் அழுத்தினால்தான் கொக்கி எழும்பும், அலகு மடங்கும். ஆகவே காதை நம்பாமல் முதுகைப் பாருங்கள். அழுத்துவதற்கு இடம் விட்ட பட்டை இருந்தால் லாக்பேக். இல்லாவிட்டால் எவ்வளவு சத்தம் போட்டாலும் பேனாக்கத்திதான்.

லாகியோல் கத்தி இதற்கு நல்ல உதாரணம். மெலிந்த, வளைந்த பிடி, முதுகில் தேனீ, திறக்கும்போது கணீரென்ற சத்தம். வழக்கமான லாகியோலில் பூட்டு கிடையாது, பலமான வில் மட்டும்தான். அந்தத் தேனீ நெப்போலியன் லாகியோல் ஊருக்குக் கொடுத்த கௌரவம் என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்பார்கள். முதலாம் நெப்போலியன் இறந்தது 1821ல். லாகியோல் கத்தியின் பிறப்பு 1829 வாக்கில் என்பதுதான் அந்த ஊர்க்காரர்களே சொல்லும் கணக்கு. தேனீ உருவம் பரவலானதோ இருபதாம் நூற்றாண்டில். இன்னொன்று: லாகியோல் ஓர் ஊரின் பெயர், ஒரு கம்பெனியின் பெயரல்ல. தியேர் நகரத்துப் பட்டறைகள் முதல் சீனத் தொழிற்சாலைகள் வரை அந்தப் பெயரில் கத்தி வந்திருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் எதை வாங்கினோம் என்பது யாருக்கும் தெரியாது.

லாக்பேக் என்றதும் சேகரிப்பவர்கள் சொல்கிற பெயர் அமெரிக்காவின் பக் 110. லாக்பேக்கைக் கண்டுபிடித்ததே பக் கம்பெனிதான் என்ற நம்பிக்கையும் கூடவே வருகிறது. முதுகில் பூட்டும் கத்திகள் ஐரோப்பாவில் அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. ஸ்பெயினின் நவாஹா திறக்கும்போது கடகடவென்று பல் பல்லாக விழும். 1964ல் வந்த பக் 110 செய்தது வேறு. பித்தளைத் தலையும் கருங்காலி இனப் பிடியுமாக, 9.5 செ.மீ. அலகோடு, வேட்டைக்காரன் இடுப்பில் நிலைக்கத்திக்குப் பதிலாகத் தொங்குமளவுக்கு உறுதியான மடக்குக் கத்தியைப் பெருவாரியாக விற்றது. விற்ற வேகத்தில் உலகமே அதை நகலெடுத்தது. கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் பெட்டியில் வருவதில் அந்த நகல்கள் நிறைய. அலகின் அடியில், பிடிக்குள் நுழையும் இடத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அசலில் பெயர் அடித்திருக்கும். 1986 முதல் ஆண்டுக்கு ஒரு குறியும் உண்டு. வெறும் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் இருந்தால் நகல் விலைக்குப் பேசுங்கள்.

‘லாக் இருந்தா கை தப்பும்’

தப்பும், பள்ளம் சுத்தமாக இருந்தால். கடற்கரையில் அது சுத்தமாக இருப்பதில்லை. மணலும் உப்பும் செதில் துணுக்கும் எண்ணெயோடு சேர்ந்து பள்ளத்தில் இறுகிப்போக, கொக்கி பாதி மட்டும் இறங்கும். பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும். இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கையே பின்முனையை அழுத்தி லாக்கை விடுவிப்பதும் நடக்கும். அதற்காகத்தான் சில கத்திகளில் அந்த இடத்தில் பிறை போல ஒரு குழிவு வெட்டியிருக்கிறார்கள். இரண்டு கத்திகளை ஒப்பிடும்போது அலகைத் திறந்து மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் ஆணி தளர்ந்ததால் வருவது, சரிசெய்யலாம். மேல்கீழ் ஆட்டம் கொக்கியோ பள்ளமோ தேய்ந்ததன் அடையாளம். அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். முதுகை மேசையில் தட்டிச் சோதிப்பது வேண்டாம், நல்ல லாக்கும் அதில் கெடும். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கரையில் உட்கார்ந்து வலை பழுதுபார்ப்பவர்களுக்கு மடங்காத சின்னக் கத்தியே போதும். உப்பு ஏறினாலும் அதில் சிக்கிக்கொள்ள ஒன்றுமில்லை.

கறுத்த அலகு கெட்டுப்போன அலகு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். என் பார்வையில் பழைய கத்திக்கு நடக்கும் பெரிய அநியாயம் இதுதான். கார்பன் இரும்பு பழமும் காயும் நறுக்க நறுக்கச் சாம்பல் கலந்த கறுப்பாகும். அந்தப் படலம் துருவை ஓரளவு தடுக்கும். செம்மண் நிறத்தில் உதிர்ந்தால்தான் துரு. அதற்கு மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போதும். பளபளப்பாக்கும்போது முத்திரை அழியும். முத்திரை போனால் சேகரிப்பவனுக்கு அது வெறும் இரும்பு. சாணைச் சக்கரம் இன்னும் மோசம். தண்ணீர் காட்டாமல் பிடித்தால் விளிம்பு நீலமாகும். சூடு 300 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டது, கடினம் போய்விட்டது என்று அர்த்தம்.

பத்திரம் என்று தோல் உறைக்குள்ளேயே வைத்துவிடுவதும் தவறு. தோலைப் பதப்படுத்திய ரசாயனமும் ஈரமும் சேர்ந்து பித்தளையைப் பச்சையாக்கும், அலகை அரிக்கும். உறையைத் தனியே வையுங்கள். பழைய செல்லுலாய்டுப் பிடி போட்ட கத்தியை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் போடவே கூடாது. அது சிதையும்போது வெளிவிடும் ஆவி பக்கத்தில் கிடக்கும் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். தீயும் சட்டெனப் பற்றும்.

மான் கொம்புப் பிடியென்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் இந்தியக் கடமான் கொம்பு ஷெஃபீல்டு பட்டறைகளுக்கே கப்பலேறியது. ஆனால் கொம்பு என்று காட்டப்படுவதில் பல கொம்பே அல்ல, மாட்டெலும்பில் வரி வெட்டிச் சாயம் ஏற்றியவை. உண்மையிலேயே கொம்பென்றால், ‘தாத்தா காலத்துது, சட்டம் அப்புறம்தான் வந்தது’ என்ற சமாதானம் விற்பனைக்கு உதவாது. 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வியாபாரத்தைப் பார்க்கும்.

‘லாக் வச்ச கத்தி வச்சிருந்தாலே கேஸ்’ என்பது பாதி சினிமா, பாதி ராம்பூர். உத்தரப்பிரதேசத்து ராம்பூரிக் கத்தியின் அலகு 9 அங்குலத்துக்கும் மேல் போகும். 1990களில் 4.5 அங்குலத்தைத் தாண்டிச் செய்ய அங்கே தடை வந்தது. ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு. வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை அதில் சேராது. பொத்தானை அமுக்கினால் பாய்கிற கத்திக்கு டெல்லியில் தனிக் கட்டுப்பாடு உண்டு. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. இங்கிலாந்தில் கணக்கே வேறு: 3 அங்குலத்துக்கு உட்பட்ட சாதாரண மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் பையில் வைத்திருக்கலாம், லாக் இருந்தால் நியாயமான காரணம் காட்ட வேண்டும். லண்டனிலிருந்து வந்த மருமகனுக்குத் தாத்தாவின் லாக்பேக்கைக் கொடுத்தனுப்புவதானால் பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். அங்கே போனபிறகு அது அலமாரியிலேயே இருக்கட்டும்.