முதுகுக்குச் சொடக்கு எடுக்கும் முன்...

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க நின்று மெஷின் ஓட்டுபவர்கள், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்:

* 'டக்' சத்தம் வந்தால் எலும்பு சரியாகிவிட்டதா? இல்லை. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உருவாகும் சத்தம் அது.

* கைரோபிராக்டிக் பலன் தருமா? 1895-ல் அமெரிக்காவில் தொடங்கிய கைச்சிகிச்சை இது. சாதாரண இடுப்பு வலி சிலருக்கு ஓரளவு குறையும். சர்க்கரை, ஆஸ்துமாவையும் தீர்ப்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

* யாருக்குக் கூடாது? எலும்பு மெலிவு, எலும்பு முறிவு, முதுகெலும்பில் புற்றுநோய் அல்லது கிருமித்தொற்று உள்ளவர்களுக்கு.

* சலூனில் கழுத்தைத் திருப்பிவிடச் சொல்லலாமா? வேண்டாம். வெடுக்கெனத் திருப்பும்போது, அரிதாக, கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

* முதுகு வலி வந்தால் படுத்தே இருக்க வேண்டுமா? ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம். வலி பொறுக்கும் அளவுக்கு நடங்கள். கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன் தூக்கும்போது முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள்.

* எப்போது ஆபத்து? காலில் பலம் குறைவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் நின்றுபோவது அல்லது அடக்க முடியாமல் போவது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; தேவையென்றால் 108-ஐ அழையுங்கள்.

இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும் பிசியோதெரபி உண்டு. முதலில் டாக்டரைப் பாருங்கள். அதன்பிறகு முதுகில் கைவைக்க விடுங்கள்.